இரண்டாம் தரம்

பகலில் நான் பாலுக்குத் தரம் போடுகிறவள்.
தெல்ஷேய் ஊர்ப் பால் ஆலையின் ஆய்வுக்கூடத்தில்
மூடியில் எண் எழுதிய குப்பிகள் வரும்.
கொழுப்பு, புளிப்பு, கலந்த தண்ணீர்.
யார் வீட்டு மாடு என்று கேட்கக் கூடாது.

சனிக்கிழமை என் முதுகில் எண் ஒட்டுகிறார்கள்.
பதினேழு.

தொழிற்பள்ளியின் விளையாட்டுக் கூடம்.
வாசலில் பூட்ஸுகள் பனி உருகிக் கிடக்கின்றன.
மூன்றாம் தரத்துக்கு வந்த பிள்ளைகள்
கண்ணாடி முன் கை பழகுகிறார்கள்:
முஷ்டி உயர்ந்தால் முறைகேடு,
உள்ளங்கை உயர்ந்தால் விதிமீறல்,
இரண்டு முஷ்டியும் ஒன்றையொன்று சுற்றினால்
பந்தைத் தட்டாமலே நடந்துவிட்டாய்.
ஒரு பையன் எல்லாவற்றையும் பிசகாமல் செய்கிறான்,
யாருமே தப்பு செய்யாத
ஏதோ ஓர் ஆட்டத்துக்கு.

எனக்கு இது இரண்டாம் தரம்.
இரண்டாம் தரத்துக்கு, இரண்டாம் தரம்.
போன வருஷம் ஓட்டத்திலேயே விழுந்தேன்.
இருபது மீட்டர். பீப் ஒலிக்குமுன் கோட்டைத் தொட வேண்டும்.
நிமிஷத்துக்கு நிமிஷம் அந்த ஒலி பொறுமை இழக்கும்.
அறுபத்து மூன்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
இந்த முறை அறுபத்தாறும் ஓடினேன்.
பிறகு ஒரு வாளி தேடினேன்.

எழுத்துத் தேர்வு சுலபம்.
தாளில் பந்து காற்றிலேயே நிற்கும்,
யோசித்து முடிக்கும்வரை இறங்காது.
எந்த அம்மாவும் கத்துவதில்லை.

பிறகு நிஜ ஆட்டம். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள்.
மூன்றாவது வரிசையில் ஸ்டாகேனஸ்,
மடியில் மதிப்பெண் அட்டை, காதில் பென்சில்.
அவர் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார்.
நானும் பந்தைப் பார்க்கவில்லை.
அதைப் பார்க்க ஊரே வந்திருக்கிறது.
நான் பந்தில்லாதவர்களின் முழங்கையைப் பார்க்கிறேன்.

பெயர்தான் நடுவர்.
நடுவில் நின்றால் மார்க் போகும்.
ஓரத்துக்குப் போ, கோணம் பிடி,
இரண்டு உடம்புக்கு இடையே
வெளிச்சம் தெரியும் இடம்வரை நகர்.
வெளிச்சம் இருந்தால் விட்டுவிடு.
இல்லாவிட்டால் ஊது.

மூன்றாம் கால்பகுதி. பந்து பக்கக் கோட்டைத் தாண்டியது.
சிவப்புக்கு என்று கை நீட்டினேன்.
நீளும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது.
எதிர்க் கோட்டிலிருந்து குவிதஸ் ஓடி வந்தான்,
அவனும் பார்த்திருக்கிறான்:
கடைசியாகப் பட்டது சிவப்பின் விரல்.
மாற்றினேன். பந்து வெள்ளைக்கு.
சிவப்புப் பயிற்சியாளர் துண்டைத் தரையில் அடித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
பந்து வாங்கக் கை நீட்டி நின்ற ஒன்பதாம் எண்ணிடம்,
பல்லுக்குக் கம்பி போட்ட பெண்ணிடம்,
"மன்னிச்சுக்கோ" என்றேன்.
"பரவாயில்ல" என்றாள், மூச்சு வாங்க,
"என் விரல்லதான் பட்டுச்சு."

ஆட்டம் முடிந்ததும் ஸ்டாகேனஸ் அட்டையைத் திருப்பிக் காட்டினார்.
"முடிவு தப்பு, திருத்தம் சரி.
மன்னிப்புக்கு இந்தத் தாள்ல கட்டமே இல்ல.
கூட்டறதா கழிக்கறதா?"
என்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்து வாய் திறந்தேன்.
அதற்குள் அரை மார்க் கழித்துவிட்டார்.
பென்சில் மறுபடி காதுக்குப் போனது.

திங்கட்கிழமை, நாற்பத்திரண்டாம் குப்பி.
தண்ணீர் கலந்திருக்கிறது. எழுதினேன்.
யாருடைய துண்டும் தரையில் விழவில்லை.
யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை,
குப்பியைக் கழுவி வைக்கும்வரை.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் அட்டை வந்தது.
இரண்டாம் தரம் என்று முத்திரை,
கிந்த்வீலே என்ற என் பெயரில்
ஓர் எழுத்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது.

ஊதவில்லை.
ஆட்டம் ஓடட்டும்.