மாற்றாள்

போத்தி துறைமுகத்தில் நள்ளிரவை நெருங்கியும் மழை.
கருங்கடல் ஓரத்தில் இது செய்தியே அல்ல.
கணக்குப் பிரிவின் பின்னறையில்
முதன்மை சர்வரின் வன்தட்டு
மூன்று நாளாகத் தூக்கத்தில் பல் கடிக்கிறது.

பதவிக்கு வரப்போகிறவன்
சுங்கப் பிரிவில், மேசைக்கு அடியில்.
ஆறு வருடமாகத் துணை.
தலைமேல் யாரோ ஈரக் காலுறை உலர்த்தியிருந்தார்கள்.
எடுத்து நாற்காலியில் போட்டேன்.
பதவியேற்பு விழா முடிந்தது.

பொறுப்புகள் ஐந்து.
சொல்லிப் பார்த்தால் பெரிய சாம்ராஜ்யம்போல் இருக்கும்:
எந்தப் பொருளுக்கு என்னென்ன குணம் உண்டென்று
இலக்கணம் வைத்திருப்பது;
புதுக் கிளைக்குப் பெயரிட அனுமதிப்பது
(பதினான்கு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை);
அடுத்த வட்டாரத்தில் எவர் பெயர் மாறினாலும்
நம் ஏட்டில் திருத்திக்கொள்வது.
மூன்றும் மறுபேச்சில்லாமல் இடம் மாறின.
பழையவன் சரி என்றான்.
இவனும் சரி என்றான்.

நான்காவது, நேரம்.
கிரேன் கூண்டிலிருந்து எடைமேடை வரை
எல்லாக் கடிகாரமும் பார்த்துத் திருத்திக்கொள்ளும் முகம்.
ஐந்து நிமிடம் பிசகினால்
கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும்
கதவு திறக்காது.
துணையின் கடிகாரம் இரண்டு விநாடி முந்தியிருந்தது.
ஆறு வருடம் காத்தவனுக்கு
அவ்வளவு அவசரம்கூட இருக்காதா?

வாசல் காவலர் ஜும்பேர் எட்டிப் பார்த்தார்.
"லம்ஸீரா, தெங்கிஸ் இன்னும் வரலை.
பன்னிரண்டாச்சு. சாவியை யார்கிட்ட கொடுக்க?"
அவர் பேரேட்டில்
ஒப்படைத்தவர் கட்டத்தில் கையெழுத்து.
பெற்றுக்கொண்டவர் கட்டம் வெள்ளை.

ஐந்தாவது, எண் வழங்குவது.
புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்.
ஒருவருக்குத் தந்ததை
அவர் வேலையை விட்டாலும், செத்தே போனாலும்
இன்னொருவருக்குத் தரக் கூடாது.
கட்டளையை எழுதிவிட்டு
விரலை வைக்கும்போதுதான் கவனித்தேன்:
பல் கடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

பொத்தானை அழுத்தினேன். மறுபடி. மறுபடி.
விசிறிகூடச் சுற்றவில்லை.
கேட்டு வாங்க எதிரில் ஆள் இல்லையென்றால்
பறிக்கவும் ஒரு கட்டளை உண்டு.
ஒரு சொல்தான் மாறும்.
கொடு இருந்த இடத்தில் எடு.

பறித்தபின் ஒரு விதி:
பழையவன் பிழைத்து எழுந்தாலும்
இந்த வலைக்குள் கால் வைக்கக் கூடாது.
பதவி போனது அவனுக்குத் தெரியாது.
விட்ட இடத்திலிருந்து எண் கொடுக்கத் தொடங்குவான்,
பணிவாக, கடமை தவறாமல்,
ஒரே எண்ணில் இருவர் நிற்கும்வரை.
கேபிளைப் பிடுங்கினேன்.
அதன் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து
என் நகத்துக்குள் ஏறியது.

அரை மணி கழித்து மேற்பார்வையாளர்
தொலைபேசியில் ஜும்பேரிடம் சொல்லிவிட்டார்:
"தெங்கிஸ் பெயரை அடி. உன் பெயரை எழுது."
ஜும்பேர் தன்னிடமிருந்து தானே பெற்றுக்கொண்டார்.

நான்கு மணிக்கு வந்தான் தெங்கிஸ்.
ரியோனி ஆறு சாலைமேல் ஏறிவிட்டதாம்.
முழங்கால்வரை சேறு, கையில் அவனுடைய சாவிக்கொத்து.
யாரையும் கேட்காமல் மேற்கு வாசலைத் திறந்து
ஒரு லாரிக்குச் சீட்டு எழுதினான்: 311.
கிழக்கு வாசலில் அதே நிமிடம்
ஜும்பேரும் எழுதிக்கொண்டிருந்தார்: 311.
இரண்டிலும் ஹேஸல் கொட்டை மூட்டை.
நனைந்தபடி இருவரும் கத்திக்கொண்டார்கள்.
இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.
எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
ஏன் என்று சொல்ல முயன்று
பாதியில் விட்டுவிட்டேன்.

பழைய பெட்டியின் நெற்றியில்
தடித்த பேனாவால் எழுதினேன்:
இணைக்காதே. கீழே தேதி.
கொஞ்சம் யோசித்து, நேரமும்.

எட்டு மணிக்கு எல்லோரும் உள்ளே வந்தார்கள்.
வழக்கம்போல் சிலர் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்து
வழக்கம்போல் என்னைத் திட்டினார்கள்.
சுங்கப் பிரிவு நாதெலா
நாற்காலியிலிருந்து காலுறையை எடுத்து
மேசைக்கடியில் குனிந்து
பழைய இடத்திலேயே விரித்தாள்.
"அட, இன்னிக்கு நல்லாச் சூடா இருக்கே" என்றாள்.