ஐந்து சி

பிப்ரவரி. ஹைலுவோத்தோ தீவுக்கு
உறைந்த கடலின் மேலேயே பாதை.
காலை ஆறரைக்குள் துய்ரே
ஒவ்வொரு துளையிலும் பனிக்கட்டி எத்தனை தடிமன் என்று
எழுதி அனுப்பியாக வேண்டும்.

கறுப்புத் திரை. கணினி இருப்பது படகுத்துறையில்,
அவள் இருப்பது சமையலறையில்.
இங்கே தட்டினால் அங்கே எழுத்து.
ஒரு சொல்லைத் தாண்ட
கண்ட்ரோலோடு வலது அம்பு.
தாண்டவில்லை.
கல்லைக் கடித்த வாய்போலத் துப்பியது:
;5C

அழித்தாள். மறந்துபோய் மறுபடி அழுத்தினாள். அழித்தாள்.
அழிக்காமல் விட்ட ஒன்று
ஆறு இருபத்தெட்டுக்கு அறிக்கையோடு போய்விட்டது.

சாலை அலுவலகத்திலிருந்து வெய்யோ:
"மூன்றாம் துளை, நாற்பத்தொரு சென்டிமீட்டர், ஐந்து சி.
வெளியே மைனஸ் பத்தொன்பது, துய்ரே.
கீழே தண்ணீர் ஐந்து டிகிரியா?
பாதையை மூடவா? பால் லாரி நிற்கிறது."
"அது டிகிரி இல்லை. என் சுண்டுவிரல்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"விரலுக்கு என்ன?"
"ஒன்றுமில்லை. லாரியை விடுங்கள்."

சாயங்காலம், எடிட்டரை மூடிவிட்டு
வெறும் திரையில் ஒவ்வொரு விசையாய்.
கண்ட்ரோல் மட்டும்: ஒன்றுமில்லை.
ஷிஃப்ட் மட்டும்: ஒன்றுமில்லை.
மெய்யெழுத்து வரும்வரை
வாய் திறக்காத ஒற்றைக் கொம்பு.
அம்போடு சேர்ந்தால்தான் எண்:
ஷிஃப்டுக்கு இரண்டு, ஆல்ட்டுக்கு மூன்று,
கண்ட்ரோலுக்கு ஐந்து.
வலப்பக்கத்துக்கு சி.

கண்ட்ரோலோடு ஐ அடித்தால் டேப் என்கிறது,
எம் அடித்தால் என்டர்;
ழவும் ளவும் ஒன்றாய் விழுகிற நாக்கு அதற்கு.
சேமிக்கும் பழக்கத்தில் எஸ் அடித்தாள்.
திரை நின்றது.
காபி ஆறும்வரை எதைத் தட்டியும் அசையவில்லை.
காகிதம் ஓடும் இயந்திரத்தை நிறுத்த
என்றைக்கோ யாரோ வைத்த கட்டளை,
இன்னும் கீழ்ப்படிகிறது.
கியூ அடித்ததும்
தட்டியதெல்லாம் மொத்தமாய் வந்து கொட்டியது.

எடிட்டர்மேல் குற்றம் சொல்ல முடியாது.
வந்த சரத்தின் தலை புரிந்தது அதற்கு.
வால் புரியவில்லை,
எழுத்தாக்கும் என்று தாளில் ஒட்டிவிட்டது.
அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள்:
இப்படி வந்தால் ஒரு சொல் தாண்டு.

தாண்டியது.
பனிக்கட்டி, துளை, தடிமன், வடக்கு,
சொல் சொல்லாகக் குதித்து வரிக்கோடி வரை.
யாருமில்லாத சமையலறையில்
"ஹோ" என்றாள் ஒருமுறை.

மறுநாள் ஆறு முப்பத்தொன்று.
லாரியின் உறுமலுக்கு மேலே வெய்யோவின் குரல்:
"துய்ரே, ஐந்து டி என்றால்
எந்த விரல்?"

இடப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும் என்று
அவள் நினைக்கவே இல்லை.