பாக்கி

வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய எந்திரம்
எங்கள் தெருவின் கேபிளைக் கடித்துத் துப்பியது,
செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு.
இருபத்துநாலு மணி நேரத்தில் சரியாகும் மேடம் என்றான்
கம்பெனிக்காரன்.
எந்த இருபத்துநாலு என்று சொல்லவில்லை.

என் வேலை சதுரம் போடுவது.
ஆள் ஓட்டாத கார்களுக்குக் கண் பழக்குகிறார்களாம்.
பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரின் தெரு
படம் படமாக வரும்.
மனிதன் என்றால் சிவப்பு, சைக்கிளுக்கு மஞ்சள்,
குப்பைத்தொட்டிக்கு ஊதா.
சதுரத்துக்கு எண்பது பைசா.
அரைமணி நேரம் இணைப்பு அறுந்தால்
படங்கள் வேறு யாருக்கோ போய்விடும்.

லேப்டாப்பைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு
திருவொற்றியூரில் தொடங்கினேன்.
தேரடிப் பக்கம் புதுசாக ஒரு காபி ஷாப்,
சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் கொடி.
பாஸ்வேர்டு பில்லின் அடியில் இருந்தது,
நூற்று எழுபது ரூபாய்க்குக் கீழே.
சுழன்றது, சுழன்றது,
பாதிக் குப்பைத்தொட்டியோடு நின்றது.
"அது சும்மா போட்டோ போடத்தான் மேடம்,
வேலைக்கெல்லாம் தாங்காது"
என்றான் பரிமாறுகிற பையன். நேர்மையானவன்.

தண்டையார்பேட்டையில் நெட் இருந்தது, பிளக் இல்லை.
ராயபுரம் பேக்கரியில் எல்லாமே இருந்தது,
முதலாளியின் மைத்துனன் உட்பட.
நாலு தடவை வந்து என் மேசையைத் துடைத்தான்.
ஐந்தாம் தடவை என் நம்பர் கேட்டான்.

கடலோரம் போனால் சிக்னல் கிடைக்கும் என்று
யாரோ சொன்னதை நம்பி
கருங்கல் குவியலில் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு கண்டெய்னர் லாரிக்கும் ஒரு கோடு குறைந்தது.
கீபோர்டில் உப்பு.
எழுந்து, வெயிலில், வந்த வழியே.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி
ரெஜினாக்கா கடை. நாலு ஸ்டூல், ஒரு பெஞ்சு.
"இன்னாமே தேடுற, போனத் தூக்கிக்கினு?"
"நெட்டுக்கா. நிக்காம வரணும்."
"ஏலத்துக்காரனுங்க காசு பூரா இதுலதான் வருது.
இது நின்னா இங்க கொலை வுழும்.
நிக்காது, குந்து."

பாஸ்வேர்டு ஒரு படகின் பெயர், பின்னால் ஓர் எண்.
ஆறாயிரத்து நானூறு.
படகுக்காரன் சாப்பிட்டுவிட்டுத் தராத பாக்கியாம்.
"ஒவ்வொருத்தன் அடிக்கிறப்பவும்
அவனுக்கு விக்கல் எடுக்கணும்."

அடித்தேன். நாலு கோடும் நின்றன.

பக்கத்தில் ஐஸ் உடைக்கிற எந்திரம்.
பாளம் பாளமாக விழுங்கி
வெள்ளையாய்ச் சீறியது.
திரையில் பனி, முழங்கையில் ஈரம்,
சுற்றிலும் வஞ்சிர வாசனை.
அந்த ஊருக்கு என்ன வாசனை என்று
முதன்முதலாய் யோசித்தேன்.

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.
"இன்னா ஊரு இது, ஈ காக்கா இல்ல?"
"இதுல யாரும் இல்லக்கா, அடுத்த படம்…"
"இரு இரு. அந்தக் கம்பத்தாண்ட பாரு.
கம்பளியப் போத்திக்கினு ஒருத்தன் நிக்கிறான்."

பெரிதாக்கினேன். தோள்தான், பாதித் தோள்.
ஐஸுக்கடியில் எந்த மீன் எத்தனை நாள் என்று
செவுளைப் பார்க்காமலே சொல்கிற கண்.
சிவப்புச் சதுரம் போட்டேன்.
"இதுக்கு எவ்ளோ?"
"எண்பது பைசா."
"ஒரு உசுருக்கா?" என்று கேட்டுவிட்டு
எண்ணெய் காய்கிறது என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்கு நெட் வந்தது.
சனிக்கிழமை வீட்டில் இருந்தேன்,
ஞாயிறும் இருந்தேன்.

திங்கள் காலை காசிமேட்டில் இறங்கினேன்.
பாஸ்வேர்டு தவறு என்றது திரை.
"தீர்த்துட்டானாக்கா?"
வறுவலைப் புரட்டியபடியே சொன்னாள்:
"எங்க… ஐநூறு குட்தான்."

அதே படகு.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.