மூன்றாம் தரம்

விண்டர்தூரில் ஒரு சனிக்கிழமை.
இன்று மட்டும் கதவு திறந்திருக்கும், இலவசம் என்று
ரெகுலாதான் இழுத்துவந்தாள்.
ஈரக் குடைகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

பருத்திக் கம்பெனி இருந்த கட்டடம்.
இப்போது கீழே வக்கீல்கள், மேலே ஒரு பல் மருத்துவர்.
படிக்கட்டு மட்டும் இன்னும் முதலாளியாகவே இருக்கிறது.
தலைவாசல் கல்லில் ஒரு யானை,
யானையைப் பார்த்திராதவன் செதுக்கியது;
முழங்கால் குதிரையுடையது.

ஷ்டால்டர் ஐயா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்,
தட்டித் தட்டிக் காட்டினார்:
கைப்பிடி பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு.
பணம் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

மாதிரி அறை. எல்லாச் சன்னலும் வடக்கே;
நேர்வெயில் பட்டால் பஞ்சின் நிறம் பொய் சொல்லுமாம்.
சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒன்றை உருவினார்.
நீலத்தாள் பொட்டலம், சாய்ந்த மசியெழுத்து:
தின்னவெல்லி.

நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள்
ரெகுலா என் முழங்கையைப் பிடித்துவிட்டாள்:
"உன் ஊர்!"
பதினோரு பேரும் திரும்பினார்கள்,
பஞ்சைப் பார்த்த அதே கண்ணோடு.

என்ன சொல்ல.
விளாத்திகுளம்தான். ஆனால்
பருத்திக்காட்டில் நான் கால்வைத்தது
கல்லூரி முகாமில் ஒரே ஒரு மத்தியானம்,
அதுவும் போட்டோவுக்கு.
எங்கள் வீடு செல்போன் கோபுரத்துக்குக் கீழே.
தலையாட்டி வைத்தேன்.

ஐயா சீட்டைப் படித்தார்:
இழை குட்டை. நிறம் மங்கல்.
இலைத்தூசு அதிகம். மூன்றாம் தரம்.
படித்துவிட்டு என்னைப் பார்த்து
மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை.
முகாமில் சொன்ன ஒன்றே ஒன்று ஞாபகம் இருந்தது:
வெயிலேறி எடுத்தால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும்.
விடியலில் வேறு யார் காட்டிலோ எடுத்துவிட்டு
வெயிலேறித்தான் இந்தக் காட்டுக்கு வந்திருப்பாள்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
இதற்கு ஜெர்மனில்
எந்த வினைச்சொல்லை எங்கே வைப்பது?

தொடக் கூடாது என்றார். தொடவில்லை.
குனிந்தேன், அவ்வளவுதான்.
தும்மல். ஒன்று. இரண்டு.
மூன்றாவதற்குப் பஞ்சே ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.
"கெசுண்ட்ஹைட்!" என்றது கூட்டம் ஒரே குரலில்.
ஐயா இழுப்பறையை மெல்ல மூடினார்,
சீட்டில் எழுதியதைவிட
ஒரு சிட்டிகை தூசு குறைவாக.

நாலாவது தும்மல் பஸ்ஸில் வந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.