விடுபட்ட பெறுமானம்

மாங்குளம் ஆஸ்பத்திரி, ஆய்வுகூடம், மாரி தொடங்கிய கிழமை.
நுணுக்குக்காட்டியின் கழுத்தில் ஒரு கைபேசியைக் கட்டியிருக்கிறோம்.
அது படம் பிடிக்கும், கணினி எண்ணும்.
நான் கண்ணைக் கசக்கி நூறு கலம் எண்ணும் நேரத்தில்
நாலாயிரம் எண்ணிவிட்டு
மின்சாரம் எப்போது போகுமென்று காத்திருக்கும்.

பழக்குவதற்குப் பழைய கண்ணாடித் தட்டுகள் கேட்டார்கள்.
பிஸ்கற் தகரத்தோடு தூக்கிக் கொடுத்தேன்:
ஆறு வருசத்துக் குருதி,
ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்தில் ஒரு முடிவு.

மூன்றாம் நாள் அது ஒரு தட்டில் நின்றது.
கே. நிறோஜிகா, வயது பத்து, ஒலுமடு.
என் முடிவு: இரும்புச்சத்துக் குறைவு.
அதன் முடிவு: உருண்டைக் கலங்கள்,
பரம்பரையாக இருக்கலாம், எண்பத்தேழு வீதம்.

திரும்பப் பார்த்தேன்.
நல்ல செங்கலம் வடை மாதிரி, நடுவில் வெளிறியிருக்கும்.
இவளுடையதில் பாதி இன்னும் உழுந்தாகவே கிடந்தது,
சின்னதாய், கறுத்து, முட்ட நிறைந்து,
மண்ணீரலின் ஒடுக்க வாசலில் உடைவதற்கென்றே.
அன்றைக்கும் அவை இப்படித்தான் இருந்திருக்கின்றன.
அன்றைக்கு எனக்குப் பசி.

இப்போது அவளுக்குப் பதினாறு.
இத்தனை வருசமும் இரும்புக் குளிசை,
கண் மஞ்சளானால் கீழ்காய்நெல்லி,
போன தையில் பித்தப்பையில் கல்.
தாய் தவமலரோடு வந்து வாங்கில் இருந்தாள்.

மன்னிப்பை எந்தச் சொல்லில் தொடங்குவதென்று தெரியாமல்
படிவத்தில் தொடங்கினேன்.
தகப்பனுக்குக் குருதிச்சோகை இருந்ததா? காமாலை?
"வட்டுவாகலிலை பஸ்சிலை ஏத்தினவை," என்றா.
"இவள் அப்ப வயித்திலை."

பெட்டியை வெறுமையாய் விட்டேன்.
சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது:
*விடுபட்ட பெறுமானம். சராசரியால் நிரப்பவா?*

தவமலர் எட்டி வாசித்தா.
"சராசரி எண்டா என்ன தம்பி?"
மற்றத் தகப்பன்மாரைக் கூட்டிப் பிரிச்சு
வாற ஆள், என்றேன்.
"ஓ. கச்சேரியிலையும் அதைத்தான் சொல்லினம்,
ஏதாவது ஒண்டை எழுதி மூடச் சொல்லி."

'இல்லை'யை அழுத்தினேன்.

நெடுநேரம் கழித்து, கேட்காமலே:
"அவற்ர கண்ணில வெள்ளை ஒருநாளும் வெள்ளையா இருந்ததில்லை.
கலியாணப் படம் கழுவி வந்த அண்டு
கலர் பிழையெண்டு படக்காரனோட சண்டை பிடிச்சனான்."

பைக்குள்ளிருந்து எடுத்தா.
கொட்டகையில் பிடித்துக்கொண்டிருக்கும் அதே படம்,
தன் பாதியை வெட்டிவிட்டு, பெருப்பித்து, பொலித்தீன் ஒட்டி.
கேதீஸ்வரன், மாலையோடு.
மஞ்சள்தான்.

நிறோஜிகா படத்தைப் பார்க்கவில்லை.
திரையில் நின்ற தன் கலங்களைப் பார்த்தபடி
"அப்ப இது அப்பான்ரயோ?" என்றாள்,
ஆரோ ஒரு மோதிரத்தைக் கொடுத்தது போல.

அந்தப் பெட்டி இலக்கம் மட்டும்தான் ஏற்கும்.
யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதத்தில் பேனாவால் சேர்த்தேன்:
தந்தை, மஞ்சள் கண். சான்று, கலியாணப் படம்.

அவர்கள் பஸ்சுக்குப் போனபின்
பழைய பதிவேட்டைத் திறந்து
என் முடிவைச் சிவப்பால் வெட்டினேன்.
திகதியை வெட்டவில்லை.