அரை அங்குலம்

வாங்கிய அன்று வீடு எங்களைக் கண்டுகொள்ளவில்லை.
தளி ஏரிக்கு முதுகு காட்டி
ஜவளகிரி ரோட்டில் யாரையோ எதிர்பார்த்து நின்றது.
போர்டிகோ நெற்றியில் ஆண்டு எழுதியிருந்தது.
முதல் எட்டில் இடதுபாதி உதிர்ந்து
மூன்றாகியிருக்க,
"ஆயிரத்து முந்நூத்தி எண்பத்தொம்பதா?"
என்றாள் லிகிதா.

குதிரை டாக்டர் துரை ஒருவர் கட்டியதாம்.
பிறகு ஒரு காபித் தரகர்
பிறகு பட்டுக்கூடு கிடங்கு
பிறகு பதினோரு வருடம் வௌவால்.
பிறகு நாங்கள்:
இருபது வருடக் கடன், இரண்டு பிள்ளைகள்,
ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் மாறி மாறிப் போகும் கெம்பராஜ்.

இடித்துவிட்டுக் கட்டினால் பாதிச் செலவுதான்
என்றார்கள் வந்தவர்கள் எல்லாம்.
நான் கணக்கு டீச்சர்.
அது எனக்கும் தெரியும்.

பென்னாகரத்து மாதப்பன் மேஸ்திரி
முப்பது வயது, காதில் ப்ளூடூத்,
சிமெண்ட் மூட்டையை கேட்டிலேயே நிறுத்தினார்.
"இந்தச் சுவரு மூச்சு விடுதுங்க.
சிமெண்டு பூசினா உள்ளயே வேர்த்து ஊறிப்போகும்."
டிரம்மில் சுண்ணாம்பு பத்து நாள் கொதித்து அடங்கியது.
கடுக்காய்த் தண்ணீர், வெல்லம்.
வெல்லத்துக்கு எறும்பு வந்தது.
எறும்புக்காக வந்த கோழி
ஈரப் பூச்சில் கால் பதித்துப் போனது;
ஹாலில், ஜன்னலுக்குக் கீழே,
இப்போதும் இருக்கிறது.

கணப்படுப்புக்குள் வாஷிங் மெஷின் நுழையவில்லை.
வைஃபை பெட்டி நுழைந்தது.
இரண்டடிச் சுவரைத் தாண்டி
சிக்னல் வரவில்லை.

குளியலறைப் பின்சுவரைத் தட்டியபோது
சத்தம் மாறியது.
பூச்சை உரித்தார்கள்.
நாலரை அடி உயரத்தில்
செங்கல் வைத்து அடைத்த ஒரு வாசல்.
"இவ்ளோ குள்ளமா எதுக்குங்க?" என்றான் சித்தாள் பையன்.
எஞ்சினியர் தஸ்லீமா டேப்பைச் சுருட்டினாள்.
பிறகு மெதுவாக,
"மலம் எடுக்க வர்றவங்க வழி.
வீட்டுக்குள்ள நடக்கக் கூடாதில்ல."

அவள் சொல்வதற்கு முன்பே
எனக்குத் தெரிந்துவிட்டது.
இந்த வீட்டில் எங்கள் ஆட்களுக்கு இருந்தது
அந்த ஒரு வாசல்தான்.
பத்திரத்தில் என் பெயர் ஏறிய நாளிலிருந்து
விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
எங்களில் ஒருத்தி
விடியுமுன் தினமும் இங்கே
வந்து போயிருக்கிறாள்.

"பிளானை மாத்துங்க" என்றேன்.
"புது சமையல்கட்டு கிழக்கே வேண்டாம்.
இங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்."
"வாஸ்து?" என்றார் மாதப்பன்.
நானும் தஸ்லீமாவும்
ஒன்றாகச் சிரித்தோம்.

எட்டு நாள் ஜாக்கி நின்றது.
இரண்டு இரும்பு பீம்.
ஏழடிக்கு ஏறியது வாசல்.
அதற்குள் மூன்று முறை
கெம்பராஜ் தலையை இடித்துக்கொண்டான்.

பழைய சுவரையும் புதிய சுவரையும்
கம்பி போட்டு இணைக்கச் சொன்னேன்.
தஸ்லீமா ஒப்பவில்லை.
"பழசு இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கிருச்சு மேடம்.
புதுசு இனிமேதான் இறங்கும்.
கட்டிப்போட்டா ரெண்டும் வெடிக்கும்."
நடுவில் அரை அங்குலம் விட்டாள்.
மிருதுவாக எதையோ அடைத்தாள்.
வெளியே தெரியாமல் ஒரு பட்டி.

அந்த எட்டையும் சரி செய்ய வந்தார்கள்.
லிகிதா விடவில்லை.

ஐப்பசி மழையில்
அந்த அரை அங்குலத்தில் நீர் கசிந்தது.
போன் போட்டேன்.
"வருஷா வருஷம் பாத்துக்கணும் மேடம்,
நான் சொன்னேனே."
சொன்னாளா? நினைவில்லை.
காலண்டரில் எழுதிவைத்தேன்.
தோசைமாவு போசியைக் கழுவி
சொட்டும் இடத்தில் வைத்தேன்.

ஆறரைக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து
பின்பக்கமாக வந்தான் கெம்பராஜ்.
ஏழடி வாசலில்
தலையைக் குனிந்து நுழைந்தான்.
"நிமிர்ந்தே வா" என்றேன்.
"ம்" என்றான்.
நாளைக்கும்
சொல்லவேண்டியிருக்கும்.