மூன்று நொடி

ஒளிவளையம் ஒன்று தவணையில் வாங்கினேன்.
அதன் முன் உட்கார்ந்தால்
சலவைக்குப் போய் வந்த துணி மாதிரி என் முகம்.
முதுகுக்குப் பின்னே படிக்காத புத்தகங்களை
நிறம் பார்த்து அடுக்கினேன்.
எண்கள் துள்ளிக் குதிக்கும் படங்கள் செய்தேன்.
பள்ளிக்கூடம் கதவடைத்த பிறகு
வால்பரைசோவின் குன்றுச் சரிவில்
சமையலறை மேசைதான் வகுப்பறை.
ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள்.
கீழே தெருவில் எரிவாயு உருளையைத்
தட்டித் தட்டி விற்றுப் போகிறான் ஒருவன்.

செவ்வாய், வியாழன், மாலை ஐந்து மணி.
ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
தெற்கே சிலோவே தீவில்
யாஸ்னா நாவெல்கீன், வயது பதின்மூன்று.
கேமரா போடமாட்டாள். டேட்டாவைத் தின்றுவிடுமாம்.
எனக்கு அவள்
ஒரு கறுப்புச் சதுரம், நடுவில் ஓர் எழுத்து,
தகரக் கூரையில் விடாத மழை.

"மைனஸ் நாலிலிருந்து
மைனஸ் மூன்றைக் கழித்தால், யாஸ்னா?"
சத்தமில்லை.
"மைனஸைக் கழித்தால் கூட்டல். ஆக, மைனஸ் ஒன்று. புரிகிறதா?"
"ம்."
அந்த 'ம்'-ஐ நம்பி மூன்று மாதம் ஓட்டினேன்.
தேர்வில் ஏழுக்கு இரண்டு புள்ளி எட்டு.

புயலில் தீவுக்கு மின்சாரம் போன ஒரு வியாழன்
கை சும்மா இருக்காமல்
பழைய பதிவொன்றைத் திறந்தேன்,
எங்கள் இரண்டாவது வகுப்பு.
நாற்பத்தைந்து நிமிடத்தில்
நாற்பத்தொன்று என் குரல்.
பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.
பத்தொன்பதாம் நிமிடம்:
என் கேள்வி. என் பதில். என் 'புரிகிறதா'.
அதற்கு அடியில்,
லாரிக்கு அடியில் புகுந்த பூனைக்குட்டி மாதிரி
ஒரு குரல்,
"மைனஸ் ஒ"

பின்னே ஓட்டினேன். மறுபடி. மறுபடி.
என் கேள்வி கடல் தாண்டிப் போய்
அவள் பதில் கடல் தாண்டி வர
மூன்று நொடி.
ஒன்றரை நொடியிலேயே
பறித்துக்கொண்டிருக்கிறேன்.
பந்தியில் இலை போட்டுவிட்டு
நானே உட்கார்ந்து
நானே சாப்பிட்டு
ஏப்பமும் விட்டு எழுந்தது போல.
அடுத்த மாதத்துப் பதிவுகளில்
அந்தக் குரலே இல்லை. 'ம்' மட்டும்.

என் வாயை எனக்குத் தெரியும்.
ஒரு ரொட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன்.
கேள்வி கேட்டதும் மைக்கை அணைத்து ஒரு கடி.
மென்று விழுங்கும் வரை பேச முடியாதல்லவா.
முதல் நாள் நாற்காலி சுட்டது.
"புரோஃபே, இருக்கீங்களா? நெட் போச்சா?"
விழுங்கிவிட்டுச் சொன்னேன்,
"இருக்கேன்."

நாலாவது வாரம், பாதி ரொட்டியில்,
மழைக்கு நடுவே முணுமுணுத்தாள்,
என்னிடம் இல்லை:
"துறையில தரை நாலு மீட்டர் கீழ. மைனஸ் நாலு.
கடல் வத்தும்போது மூணு மீட்டர் ஆழத்தை
எடுத்துட்டுப் போயிடுது.
மைனஸைத்தானே எடுத்துட்டுப் போகுது...
அப்ப சேறு மேல வருது.
மைனஸ் ஒண்ணு.
ஓ.
அதான் அப்பா படகு தரை தட்டுது."

மெல்லாமல் இருந்தேன்.
இருபது வருடமாக எண்கோடு வரைகிறேன்,
அதில் ஒருநாளும்
ஓதம் ஏறி இறங்கியதில்லை.

ஒளிவளையத்தை விற்றாயிற்று,
தவணை மட்டும் இன்னும் போகிறது.
பருவ முடிவில் எனக்கு இரண்டு கிலோ கூடியது.
அவளுக்கு ஏழுக்கு ஐந்து.
கேமரா இன்னும் போடவில்லை.

நேற்று அவள் மாமா எலியோதோரோ,
பணம் அனுப்புகிறவர், எழுதியிருந்தார்:
"இப்பல்லாம் நீங்க அதிகம் பேசறதே இல்லையாமே.
கட்டணம் மட்டும் அதேதானா?"

கூட்டிக் கேட்கலாமா என்று
ஒரு கடி நேரம் யோசித்தேன்.